ஏழு உயிரணுக்களில் தொடங்கும் உணவு

ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சிராங்கூன் சாலைக்கு ஏறி வந்தால், சில நிமிட நடையில் ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலின் கோபுரம் தெரியும். தைப்பூச ஊர்வலம் புறப்படும் கோயிலாக அதைப் பலரும் அறிவர். அங்கு வருவோரின் கைகளில் இருக்கும் அர்ச்சனைத் தட்டைக் கவனித்துப் பாருங்கள். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, பூச்சரம். திருமணத்திற்கு வந்தவர்கள் என்றால் ஆர்க்கிட் பூக்கள் சேர்த்துக் கட்டிய மாலையும் இருக்கும்.

தாவரவியல் மாணவர் ஒருவருக்கு அந்தத் தட்டு ஒரு பாடம். பூவுக்குள் ஒளிந்திருக்கும் ஓர் உறுப்பு முழுமையாக வேலை செய்ததால் கிடைத்தது தேங்காய். அதே உறுப்பு வேலை செய்யாததால் கிடைத்தது விதையில்லா வாழைப்பழம். ஆர்க்கிட்டில் அந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. வெற்றிலைக் கொடியின் குடும்பமோ அந்த உறுப்பை வேறொரு வரைபடத்தின்படி அமைத்துக்கொள்கிறது.

அந்த உறுப்பின் பெயர் கருப்பை. மனித உடலிலுள்ள கருப்பையுடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பூக்கும் தாவரங்களின் கருப்பை, பெரும்பாலும் ஏழே உயிரணுக்களால் ஆனது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆனால் நாம் உண்ணும் சோறு, சப்பாத்தி, சமையலில் ஊற்றும் தேங்காய்ப் பால் எல்லாமே அங்குதான் தொடங்குகின்றன. அதன் ரகசியங்களில் ஒன்று 1990களின் இறுதியில் சிங்கப்பூரில் கண்டறியப்பட்டது என்பது பல மாணவர்களுக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

நால்வரில் ஒருவர் மட்டும்

பூவின் நடுவில் இருப்பது சூலகம். அதற்குள் சிறு மணிகள்போல் சூல்கள் இருக்கும். பிற்காலத்தில் சூல் விதையாகும், சூலகம் கனியாகும். இதுவரை உயர்நிலைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். கதையின் அடுத்த பகுதி சூலுக்குள் நடக்கிறது.

இளம் சூலுக்குள் உயிரணு ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக வளர்கிறது. அதுவே பெருவித்துத் தாய் உயிரணு. அது மயோசிஸ் எனப்படும் குன்றல் பகுப்பின் மூலம் நான்காகப் பிரிகிறது. ஒவ்வொன்றிலும் தாய்ச் செடியின் குரோமோசோம் எண்ணிக்கையில் பாதி மட்டுமே இருக்கும். இந்த நான்கும் பெருவித்துகள்.

பெரும்பாலான தாவரங்களில் இந்த நான்கில் மூன்று அழிந்துவிடுகின்றன. எஞ்சிய ஒன்றின் உட்கரு மூன்று முறை பகுப்படைகிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இந்த நேரத்தில் உயிரணுச் சுவர் எதுவும் எழுவதில்லை. ஒரே அறைக்குள் எட்டு உட்கருக்கள் மிதக்கின்றன. பிறகுதான் சுவர்கள் எழுந்து ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கப்படுகிறது.

மகரந்தக் குழாய் உள்ளே வரும் வாசலுக்குச் சூல்துளை என்று பெயர். அந்த வாசலருகே மூன்று உயிரணுக்கள் அமைகின்றன. நடுவில் இருப்பது முட்டை உயிரணு. அதன் இருபுறமும் சினர்ஜிட் எனப்படும் இரண்டு உதவி உயிரணுக்கள். எதிர்முனையில் மூன்று எதிரடி உயிரணுக்கள். மீதமிருக்கும் இடம் முழுவதும் ஒரே பெரிய மைய உயிரணு. அதற்குள் மட்டும் இரண்டு உட்கருக்கள். அவற்றைத் துருவ உட்கருக்கள் என்பர்.

கூட்டிப் பாருங்கள். உயிரணுக்கள் ஏழு, உட்கருக்கள் எட்டு. தேர்வில் மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. மைய உயிரணுவில் இரண்டு உட்கருக்கள் இருப்பதை நினைவில் வைத்தால் குழப்பம் தீரும்.

வாசலில் நின்று அழைப்பவர்கள்

மகரந்தத்தூள் சூலக முடியில் விழுந்ததும் ஒரு குழாய் முளைத்துக் கீழ்நோக்கி வளர்கிறது. அது இரண்டு ஆண் கேமீட்டுகளைச் சுமந்து வருகிறது. பூவின் திசுக்களுக்குள் ஊடுருவி, சரியான சூலை அடைந்து, அந்த நுண்ணிய வாசலை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? நூறாண்டுக்கும் மேலாகத் தாவரவியலாளர்களைத் துரத்திய கேள்வி இது.

விடை தேட உதவிய செடி டொரேனியா. தென்கிழக்காசியாவைச் சேர்ந்த இச்செடியை நமது பூங்காக்களிலும் அலங்காரத்துக்காக வளர்க்கிறார்கள். மற்றத் தாவரங்களில் கருப்பை சூலுக்குள் புதைந்திருக்கும். டொரேனியாவில் அதன் ஒரு பகுதி வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எனவே நுண்ணோக்கி வழியாக அதை நேரடியாகப் பார்க்க முடியும்.

ஜப்பானிய ஆய்வாளர் தெத்சுயா ஹிகாஷியாமாவின் குழு இந்தச் செடியை எடுத்துக்கொண்டு, கருப்பையிலுள்ள உயிரணுக்களை லேசர் கதிரால் ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தது. முட்டை உயிரணுவை அழித்தாலும் மகரந்தக் குழாய் வந்தது. மைய உயிரணுவை அழித்தாலும் வந்தது. உதவி உயிரணு ஒன்றை அழித்தபோது ஈர்ப்பு குறைந்தாலும் நிற்கவில்லை. இரண்டையும் அழித்தபோது ஒரு குழாய்கூட வரவில்லை. 2001ல் வெளிவந்த இந்த முடிவு, அழைப்பு விடுப்பவை உதவி உயிரணுக்களே என்று உறுதிசெய்தது. அவை சுரக்கும் சிறு புரதங்களை அதே குழு 2009ல் அடையாளம் கண்டு ‘லூர்’ என்று பெயரிட்டது.

குழாய் உள்ளே நுழைந்ததும் உதவி உயிரணுக்களில் ஒன்று சிதைகிறது. குழாய் அங்குதான் திறந்து இரண்டு ஆண் கேமீட்டுகளையும் விடுவிக்கிறது.

ஒரு விதைக்கு இரண்டு இணைவுகள்

விலங்குகளில் ஒரு விந்தணு ஒரு முட்டையுடன் இணையும். அத்துடன் கருவுறுதல் முடிந்துவிடும். பூக்கும் தாவரங்களில் இரண்டு இணைவுகள் நடக்கின்றன. ஓர் ஆண் கேமீட் முட்டை உயிரணுவுடன் இணைகிறது, அதிலிருந்து கரு உருவாகிறது. மற்றது மைய உயிரணுவுக்குள் சென்று இரண்டு துருவ உட்கருக்களுடன் இணைகிறது. அதிலிருந்து கருவூண் உருவாகிறது. வளரும் கருவுக்கான உணவு அது.

ரஷ்யப் பேரரசில் பணியாற்றிய தாவரவியலாளர் செர்கெய் நவாஷின் 1898ல் அல்லிக் குடும்பத்துச் செடிகளில் இதைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே பிரான்சின் லியோன் கினியார் இதை உறுதிப்படுத்தினார். இதற்கு இரட்டைக் கருவுறுதல் என்று பெயர் வந்தது.

கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாகும். நெல் செடியின் உயிரணுவில் 24 குரோமோசோம்கள். முட்டை உயிரணுவில் 12, ஆண் கேமீட்டில் 12. இரண்டும் சேர்ந்து கருவில் மீண்டும் 24. மைய உயிரணுவிலோ 12 உள்ள உட்கருக்கள் இரண்டு. அவற்றுடன் ஆண் கேமீட்டின் 12 சேரும்போது கருவூணில் 36. அதாவது தாயின் பங்கு இரண்டு மடங்கு, தந்தையின் பங்கு ஒரு மடங்கு.

வீட்டில் இருக்கும் வெள்ளை அரிசியை ஒரு மணி எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறு பள்ளம் தெரியும். கரு இருந்த இடம் அது. ஆலையில் தீட்டும்போது கருவும் தவிடும் போய்விடுகின்றன. எஞ்சுவது கருவூண். நாம் தட்டில் போட்டு உண்ணும் சோறு, அந்த இரண்டாவது இணைவின் விளைவுதான். கோதுமை மாவும் பெரும்பாலும் அதுவே.

தேங்காயில் இது இன்னும் வியப்பானது. இணைவு முடிந்ததும் தென்னையின் கருவூணில் உட்கரு மட்டும் மீண்டும் மீண்டும் பகுப்படைகிறது. சுவர் எழுவதில்லை. அதனால் கருவூண் நீராகவே இருக்கிறது. இளநீர் என்று நாம் குடிப்பது அதைத்தான். காய் முற்ற முற்ற, ஓட்டின் உட்புறத்தை ஒட்டி உயிரணுச் சுவர்கள் உருவாகி வழுக்கையாகின்றன, பிறகு பருப்பாகின்றன. தேங்காயின் மூன்று ‘கண்’களில் மென்மையாக இருக்கும் ஒன்றின் அடியில்தான் கரு இருக்கிறது. அந்தப் பெரிய காயில் கரு ஒரு சிறு மணி அளவுதான். மற்ற எல்லாம் அதற்காகச் சேர்த்து வைத்த உணவு.

இளநீரை ஆய்வுக்கூடங்களும் விட்டுவைக்கவில்லை. 1941ல் அமெரிக்காவில் ஊமத்தைச் செடியின் மிக இளம் கருக்களைச் சோதனைக் கண்ணாடியில் வளர்க்க முயன்ற ஆய்வாளர்கள், ஊட்டக் கரைசலில் தேங்காய் நீரைச் சேர்த்தபோது கருக்கள் நன்கு வளர்ந்தன. அதன்பின் உலகின் பல திசு வளர்ப்புக் கூடங்களில் தேங்காய் நீர் இடம்பிடித்தது.

டெல்லியும் சென்னையும்

‘ஏழு உயிரணு, எட்டு உட்கரு’ என்ற அமைப்பு, பூக்கும் தாவரங்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் காணப்படுவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அப்படியென்றால் மற்றவை?

இந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை தந்தவர்களில் முதன்மையானவர் இந்தியாவின் பஞ்சானன் மகேஸ்வரி. 1904ல் ஜெய்ப்பூரில் பிறந்த இவர், டாக்காவில் பணியாற்றிவிட்டு டெல்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் தலைவரானார். பூக்கும் தாவரங்களின் கருவியல் பற்றி 1950ல் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் பாடநூலானது. நான்கு பெருவித்துகளில் ஒன்று மட்டும் பங்கேற்கிறதா, இரண்டா, நான்குமா என்ற அடிப்படையில் கருப்பைகளை வகைப்படுத்தும் முறையை இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள்.

வெற்றிலை, மிளகு ஆகியவற்றின் குடும்பம் இந்த வகைப்பாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு. மிளகில் நான்கு பெருவித்து உட்கருக்களும் பங்கேற்கின்றன. அவற்றில் மூன்று ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. அதனால் அதன் கருவூணில் குரோமோசோம் தொகுதிகள் மூன்றல்ல, ஐந்து. அதே குடும்பத்தைச் சேர்ந்த பெப்பரோமியாவில் நான்கு உட்கருக்களும் இருமுறை பகுப்படைந்து, கருப்பையில் 16 உட்கருக்கள் உருவாகின்றன. வீவக வீடுகளின் தாழ்வாரத்துப் பூந்தொட்டிகளில் தானாக முளைக்கும், இதய வடிவ இலையுடைய, நீர்ப்பசையான சிறு களைச்செடியைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு பெப்பரோமியாதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இரட்டைக் கருவுறுதல் முதலில் கண்டறியப்பட்ட அல்லிக் குடும்பத்துச் செடிகளும் மிளகின் வகையைச் சேர்ந்தவையே. ஆனால் பல ஆண்டுகள் அல்லியின் கருப்பை தவறாகவே விளங்கிக்கொள்ளப்பட்டிருந்தது. 1920களின் இறுதியில்தான் இத்தாலியத் தாவரவியலாளர் வலேரியா பம்பச்சோனி அதன் சரியான வளர்ச்சிப் படிகளை விளக்கினார். எல்லோரும் பார்த்த படத்தையே மீண்டும் கவனமாகப் பார்ப்பதும் அறிவியல்தான் என்பதற்கு இது சான்று.

மகேஸ்வரியின் துறை வகைப்படுத்துவதோடு நிற்கவில்லை. 1962ல் குசும் காந்தா, என்.எஸ். ரங்கசாமி, மகேஸ்வரி மூவரும், கசகசாச் செடியின் சூல்களைத் தனியே எடுத்து ஊட்டக் கரைசலில் வைத்து, அவற்றின்மேல் மகரந்தத்தைத் தூவிச் சோதனைக் குழாயிலேயே கருவுறச் செய்தார்கள். முளைக்கக்கூடிய விதைகளும் கிடைத்தன. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது 1978ல். தாவரங்களில் அது 16 ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது.

தமிழகத்துக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. 1940களில் ஆர்க்கிட் செடிகளின் கருவியலை ஆராய்ந்து பெயர் பெற்ற பி.ஜி.எல். சுவாமி, பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்தார். இவர் கன்னட இலக்கியத்திலும் புகழ்பெற்ற எழுத்தாளர். தாவரங்களைத் தேடி மாணவர்களுடன் மேற்கொண்ட பயணங்களை வைத்து அவர் எழுதிய ‘ஹசுரு ஹொன்னு’ என்ற நூலுக்கு சாகித்திய அகாடமி விருது கிடைத்தது.

நமது தேசிய மலரின் பாடம்

சுவாமி ஆராய்ந்த ஆர்க்கிட்டுகள் சிங்கப்பூரர்களுக்கு நெருக்கமானவை. 1893ல் ஆக்னெஸ் ஜோக்கிம் தோட்டத்தில் மலர்ந்த ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’ 1981 முதல் நமது தேசிய மலராக இருக்கிறது.

ஆர்க்கிட்டின் கருப்பை வழக்கமான பாதையில் செல்வதில்லை. பல ஆர்க்கிட்டுகளில் பூ மலரும்போது சூல்கள் முழுமையாக உருவாகியே இருக்காது. மகரந்தம் வந்து விழுந்த பிறகுதான் அவை வளரத் தொடங்கும். கருவுறுதல் நடக்க வாரக்கணக்கில், சிலவற்றில் மாதக்கணக்கில் ஆகலாம். வீண் செலவு செய்யாத செடி என்று சொல்லலாம்.

அதைவிட முக்கியமானது கருவூண். ஆர்க்கிட்டில் அது உருவாவதில்லை, அல்லது தொடங்கியவுடன் நின்றுவிடுகிறது. அதனால் விதைகள் தூசிபோல் நுண்ணியவை. ஒரே காயில் இலட்சக்கணக்கில் இருக்கும். கையில் கட்டுச்சோறு இல்லாமல் புறப்படும் பயணிபோல, அவை காட்டில் ஒரு பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் முளைக்கும்.

விதையில் இல்லாத உணவை நாம் கொடுத்தால் என்ன? அமெரிக்கர் லூயிஸ் நட்சன் 1922ல் சர்க்கரை கலந்த ஊட்டத்தில், பூஞ்சை இல்லாமலேயே ஆர்க்கிட் விதைகளை முளைக்க வைத்தார். சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக இருந்த எரிக் ஹோல்ட்டம் அந்த முறையை இங்கு கொண்டுவந்து 1928ல் ஆர்க்கிட் கலப்பினத் திட்டத்தைத் தொடங்கினார். இங்கு வருகை தரும் தலைவர்களின் பெயரில் புதிய ஆர்க்கிட் கலப்பினங்களை அறிவிக்கிறோமே, அந்தப் பாரம்பரியத்தின் அடியில் இருப்பது கருவூண் இல்லாத ஒரு விதையும், அதைப் புரிந்துகொண்ட அறிவியலும்தான்.

விதையில்லா வாழையின் விலை

இனி வாழைப்பழம். கடைகளில் விற்கும் பெரும்பாலான வாழை வகைகளில் குரோமோசோம் தொகுதிகள் மூன்று. குன்றல் பகுப்பின்போது மூன்றைச் சமமாகப் பிரிக்க இயலாது. எனவே முறையான பெருவித்தும் கருப்பையும் உருவாவது அரிது. ஆனால் கருவுறாமலேயே கனி பருக்கும் இயல்பு வாழைக்கு உண்டு. பழத்தை நறுக்கும்போது நடுவில் தெரியும் கறுப்புப் புள்ளிகள், விதையாக வளராமல் போன சூல்கள்.

நமக்கு அது வசதி. விவசாயிக்கு அதில் ஆபத்தும் இருக்கிறது. விதை இல்லாததால் பக்கக் கன்றுகளை நட்டுத்தான் வாழையைப் பெருக்க வேண்டும். ஒவ்வொரு கன்றும் தாயின் அச்சு நகல். நோய் ஒன்றைத் தாங்க முடியவில்லை என்றால் ஒரு மரமல்ல, முழுத் தோட்டமும் தாங்காது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகச் சந்தையை ஆண்ட ‘குரோஸ் மிஷெல்’ வாழை, பனாமா வாடல் நோயால் இப்படித்தான் ஏற்றுமதித் தோட்டங்களிலிருந்து மறைந்தது. அதன் இடத்தைப் பிடித்த ‘கேவண்டிஷ்’ வாழையை அந்நோயின் புதிய வகை இப்போது மிரட்டுகிறது.

இந்த வாழைப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நெல்லைப் பற்றிப் பேசும்போது அது மீண்டும் தேவைப்படும்.

சிங்கப்பூரில் கிடைத்த சாவி

கருப்பை எப்படித் தொடங்குகிறது? ஒரே மாதிரியான பல உயிரணுக்களில் ஒன்று மட்டும் பெருவித்துத் தாய் உயிரணுவாக மாறும்படி சொல்வது எது? நுண்ணோக்கியால் மட்டும் விடை காண முடியாத கேள்வி இது. மரபணுக்களிடம் கேட்க வேண்டும்.

1990களின் பிற்பகுதியில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயங்கிய மூலக்கூறு வேளாண் உயிரியல் கழகத்தில் வெங்கடேசன் சுந்தரேசன் தலைமையிலான குழு இதை ஆராய்ந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது ‘அரபிடாப்சிஸ்’ என்ற கடுகுக் குடும்பத்துச் சிறுசெடி. ஆய்வுக்கூடங்களில் தாவரவியலாளர்களின் வெள்ளெலி என்று இதைச் சொல்லலாம்.

அவர்களின் முறை எளிமையாகப் புரியக்கூடியது. குரோமோசோமில் இடம்விட்டு இடம் தாவும் மரபணுத் துண்டுகள் உண்டு. அத்தகைய துண்டு ஒரு மரபணுவுக்குள் போய் விழுந்தால் அந்த மரபணு செயலிழக்கும். இப்படி ஆயிரக்கணக்கான செடிகளை உருவாக்கி, எந்தச் செடியில் எந்த வேலை நின்றுபோகிறது என்று தேட வேண்டும். நின்றுபோன வேலைக்கு எந்த மரபணு பொறுப்பு என்பதைத் தாவிய துண்டே காட்டிக்கொடுக்கும்.

அப்படிக் கிடைத்த ஒரு செடியில் பூக்கள் மலர்ந்தன. சூல்களும் இருந்தன. ஆனால் பெருவித்துத் தாய் உயிரணு உருவாகவில்லை. எனவே கருப்பை இல்லை. மகரந்தமும் உருவாகவில்லை. கெடுக்கப்பட்ட அந்த மரபணுவுக்கு ‘ஸ்போரோசைட்லெஸ்’ என்று பெயரிட்டு, 1999ல் யாங் வெய்ட்சாய், சுந்தரேசன் உள்ளிட்டோர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் ஐரோப்பியக் குழு ஒன்றும் தனியாக அதே மரபணுவைக் கண்டறிந்து ‘நாசில்’ என்று பெயரிட்டது. இருவேறு கண்டங்களில், ஒருவர் அறியாமல் மற்றவர் ஒரே முடிவுக்கு வந்தது அந்தக் கண்டுபிடிப்புக்கு வலு சேர்த்தது.

கருப்பையின் கதை தொடங்கும் முதல் வரியில் இருக்கும் மரபணு அது. அதைப் படித்தவர்களுக்கு அடுத்த கேள்வி எழுவது இயல்பு. தொடக்கத்தை நிறுத்த முடியும் என்றால், பாதையை மாற்றவும் முடியுமா?

நெல் விவசாயியின் கேள்வி

அந்தக் கேள்வியின் பின்னால் ஒரு பெரிய தேவை இருக்கிறது. இருவேறு நெல் வகைகளைக் கலந்து பெறும் கலப்பின நெல், வழக்கமான நெல்லைவிட ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு கூடுதல் விளைச்சல் தரும். ஆனால் அந்த வயலில் விளைந்த நெல்லை எடுத்து அடுத்த ஆண்டு விதைத்தால் பயிர் ஒரே சீராக வராது. குன்றல் பகுப்பும் கருவுறுதலும் மரபணுக்களைச் சீட்டுக் கட்டைப்போலக் கலைத்துப் போட்டுவிடுகின்றன. அதனால் விவசாயி ஒவ்வொரு பருவத்துக்கும் புதிய விதையை விலை கொடுத்து வாங்க வேண்டும். ஆசியாவின் சிறு விவசாயிகள் பலருக்கு அது எட்டாத செலவு.

சீட்டுக் கட்டைக் கலைக்காமலேயே விதை உருவாக்கும் தாவரங்கள் இயற்கையில் உண்டு. தேக்கா சந்தையில் குவித்து வைத்திருக்கும் மங்குஸ்தான் அவற்றில் ஒன்று. அதன் விதைகள் தந்தையின் பங்கு இல்லாமல், தாய் மரத்தின் திசுவிலிருந்தே உருவாகின்றன. ஒவ்வொரு விதையும் தாயின் நகல். கருவுறாமல் விதை உண்டாகும் இந்த முறைக்கு அபோமிக்சிஸ் என்று பெயர். நெல்லுக்கு இந்தத் திறன் கிடையாது.

சிங்கப்பூரிலிருந்து அமெரிக்காவின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக்குச் சென்ற சுந்தரேசன், அங்கு இம்தியாஸ் காண்டே உள்ளிட்டோருடன் அதை நெல்லில் செய்து காட்டினார். அவர்கள் இரண்டு மாற்றங்களைச் செய்தார்கள். முதலாவது, மூன்று மரபணுக்களைச் செயலிழக்கச் செய்து, குன்றல் பகுப்புக்குப் பதிலாகச் சாதாரணப் பகுப்பே நடக்கவைத்தார்கள். முட்டை உயிரணுவில் 12க்குப் பதில் 24 குரோமோசோம்களும் அப்படியே இருந்தன. இரண்டாவது, ‘பேபி பூம்’ என்ற மரபணுவை முட்டை உயிரணுவிலேயே இயக்கினார்கள். வழக்கமாக இந்த மரபணுவின் தொடக்கக் கட்டளை, ஆண் கேமீட் கொண்டுவரும் பிரதியிலிருந்து வருகிறது. அந்தக் கட்டளை முன்கூட்டியே கிடைத்ததால், இணைவு நடக்காமலேயே முட்டை கருவாக வளர்ந்தது.

மைய உயிரணுவை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. கருவூண் உருவாக அங்கு மகரந்தத்தின் பங்கு வழக்கம்போல் தேவைப்பட்டது. இரட்டைக் கருவுறுதலில் பாதியை நீக்கி, பாதியை வைத்துக்கொண்ட விதை என்று இதைச் சொல்லலாம்.

2018 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழின் இணையப் பதிப்பில் முடிவுகள் வெளிவந்தபோது, விதைகளில் ஒரு பகுதியே தாயின் நகல்களாக இருந்தன. 2022ல் பிரெஞ்சு ஆய்வாளர்களுடன் இணைந்து வெளியிட்ட ஆய்வில், கலப்பின நெல்லின் விதைகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல் நகல்களாகக் கிடைத்தன. 2024ல் வேளாண்மைக்கான வுல்ஃப் விருதைப் பெற்ற மூவரில் சுந்தரேசனும் ஒருவர்.

நமக்கு ஏன் அக்கறை வேண்டும்?

உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாடு சிங்கப்பூர். 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தபோது அந்தச் செய்தி இங்கு எப்படிப் பேசப்பட்டது என்பது பலருக்கு நினைவிருக்கும். பின்னர் சிங்கப்பூருக்கு இந்தியா விலக்கு அளித்தது. எங்கோ ஒரு வயலில் விளைச்சல் குறைந்தால் ஃபேரர் பார்க் கடையில் அரிசி மூட்டையின் விலை ஏறும். எனவே நெல்லின் விளைச்சல், விவசாயியின் பிரச்சினை மட்டுமல்ல.

ஆனால் நகல் விதை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. வாழையை நினைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரே மரபணு அமைப்புள்ள நெல் நின்றால், ஒரு புதிய நோய் அத்தனையையும் ஒரே நேரத்தில் தாக்கலாம். கலப்பின நெல் ஏற்கெனவே சீரான பயிர்தான் என்றாலும், ஒரே விதையை ஆண்டாண்டுக்கும் சேமித்து விதைக்கும் வசதி வந்தால், பழைய வகைகளைக் கைவிடும் வேகம் கூடக்கூடும். இது மரபணு மாற்றப்பட்ட பயிர் என்பதால் ஒவ்வொரு நாடும் அதன் பாதுகாப்பை ஆராய்ந்தே அனுமதிக்க வேண்டும். காப்புரிமை யாரிடம் இருக்கும், விவசாயி உண்மையிலேயே விதையைச் சேமித்துக்கொள்ள அனுமதிக்கப்படுவாரா என்பதும் முக்கியமான கேள்வி. விதையைச் சேமிக்க முடிவது அறிவியலின் வேலை. சேமிக்க உரிமை இருப்பது சட்டத்தின் வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் பயன் வயலுக்குப் போய்ச் சேரும்.

எனவே கருப்பை பற்றிய பாடம் உயிரியல் மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. பொருளியல், சட்டம், பொதுக்கொள்கை படிக்க நினைப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இது. தொடக்கக் கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்பு தேடுபவர்களுக்கு இதில் கேள்விகள் ஏராளம்.

தொடங்குவதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. செம்பருத்திப் பூ ஒன்றை எடுத்து, அடியிலுள்ள பச்சைச் சூலகத்தைக் கூரான கத்தியால் கவனமாக நெடுக்கில் பிளந்து பாருங்கள். கைப்பேசியின் படக்கருவியைப் பெரிதாக்கிப் பார்த்தால் வெள்ளைமணிகளாகச் சூல்கள் தெரியும். கருப்பை அவற்றுக்குள் இருக்கிறது. அதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும், முறையான சாயமேற்றம் வேண்டும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் அதற்கு வழியுண்டா என்று உங்கள் உயிரியல் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.